பெயர் சொல்லாத உதாரணம்

புது தில்லி
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழரசன் எழுதுவது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அதோடு புகையும் சேர்ந்துகொண்டதால் காலையில் கொஞ்சம் இருமல். மற்றபடி நானும் வானதியும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, இல்லை உன்னிடம் கணக்குக் காட்டிவிட்டுக் கோழிக்குப் போடுகிறாரா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ போனில் பேசினால் தெருவே கேட்கும். காது கேளாத மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி உன் குரல் அப்படியாகிவிட்டது. என் போனையும் என்னைவிட என் உதவியாளர்கள்தான் அதிகம் எடுக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வரும் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவ வசதி பற்றிப் பேச எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் போலிருக்கிறது. நம் பக்கத்துப் படைவீரர் சங்கங்கள் கொடுத்த மனுக்கள் என் மேஜையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஆனால் அப்படியே படித்தால் சபை கொட்டாவி விடும். பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் ஒரு தோசையை எடுத்துக்கொள் என்று நீதானே புது வாத்தியார்களுக்குச் சொல்வாய்? எனக்கு ஒரு தோசை வேண்டும், அக்கா. ஒரே ஒரு மனிதரின் கதை.

அத்தானைக் கேட்டால், ‘எனக்கென்னப்பா கொறச்சல், ராஜா மாதிரி இருக்கேன்’ என்று சொல்லிவிடுவார். நீ எழுது. பெயர் எங்கும் வராது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
தமிழரசன்


குத்தாலம்
18.11.2024

அன்புள்ள தமிழரசனுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மழை வருவதை ஒருநாள் முன்னாலேயே சொல்கிறது. சம்பாவில் களையெடுப்பு நடக்கிறது. உன் அத்தான் வழக்கம்போல் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய், பட்டாளத்தில் சேர ஆசைப்படும் பிள்ளைகளை ஓடவிடுகிறார். கையில் விசில். ஊதினால் அவருக்கே கேட்காது. ‘எனக்கு எதுக்குக் கேக்கணும், ஓடுறவனுக்குக் கேட்டாப் போதும்’ என்கிறார். இருமலுக்குச் சித்தரத்தை போட்டுக் கொதிக்கவைத்துக் குடி.

தோசை கேட்டாய். முதலில் சின்னதாக ஒன்று தருகிறேன். மருத்துவமனைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். போய் உட்கார்ந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். காது வைத்தியத்துக்கு வந்தவரைக் காதில் விழும் என்று நம்பிக் கூப்பிடுகிறார்கள்! ஒருமுறை தனியாகப் போனவர், கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நானும் கூடவே போகிறேன்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உன் அத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் திருநள்ளாறு போகிறார் என்றுதான் ஊரே நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அவர் எங்கேயும் போவதில்லை. பத்தாயம் இருக்கிற உள்ளறையில் இருக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. நெல் போடுவதற்காகக் கட்டியதால் சுவர் கனம். முதல் நாள் சாயங்காலமே ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். வெளியே நான் தாழ்ப்பாள் போட வேண்டும். அது அவரே கேட்டுக்கொண்டது. இல்லாவிட்டால் திறந்துகொண்டு எங்கேயாவது ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார். காதுதான் கேட்கவில்லையே, வெடிச்சத்தம் என்ன செய்யும் என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். ‘காதுல கேக்காது மங்களம். நெஞ்சுல கேக்குது’ என்றார். கார்கில் சண்டையில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றவர்.

பலகாரம் கொண்டுவருகிற பிள்ளைகளிடம், சார் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்கு வெளியூர்ப் பேரன்கள் வந்திருந்தார்கள். சரவெடி நிற்கவே இல்லை. எல்லாம் ஓய்ந்து கதவைத் திறந்தபோது அவர் வேட்டி நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், ‘வாளி கவுந்துடுச்சு’ என்றார். வாளி நேராகத்தான் இருந்தது.

டாக்டரிடம் சொல்லலாம் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார். இதைச் சபையில் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குப் புரிய வேண்டுமே என்று எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னதில், தலைச்சுமையை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

வானதிக்கு என் அன்பு.

மங்களாம்பிகை


புது தில்லி
5.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சித்தரத்தைக் கஷாயம் கைகண்ட மருந்து, இருமல் போய்விட்டது. புயல் மழையில் பயிர் தப்பித்ததா?

அக்கா, பேசிவிட்டேன்!

தமிழிலேயே பேசினேன். ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளறையையும் தாழ்ப்பாளையும் சொன்னதும் மொழிபெயர்ப்புக் கருவியை எடுத்து ஒவ்வொருவராகக் காதில் மாட்டினார்கள். வேட்டி நனைந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று எழுந்து நிற்கும்வரை யோசித்தேன். சொன்னேன். அந்த இடத்தில்தான் அமைச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முடித்ததும் கட்சி வித்தியாசம் இல்லாமல் மேஜையைத் தட்டினார்கள். வெளியே வந்தபோது வயதான உறுப்பினர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார். அரசியலுக்கு வந்ததற்கு இந்த ஒரு நாள் போதும் என்று தோன்றியது.

படைவீரர்களின் மனநலத்துக்குத் தனியாக ஏற்பாடு செய்வது பற்றிப் பரிசீலிப்பதாக அமைச்சர் எழுந்து சொன்னார். பேச்சைச் சின்ன வீடியோவாக வெளியிட்டிருக்கிறோம். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். எல்லாம் நீ கொடுத்த உதாரணம்.

பெயர் சொல்லவில்லை. ‘என் அக்காவின் கணவர்’ என்று மட்டும்தான் சொன்னேன்.

உன் தம்பி,
தமிழரசன்


குத்தாலம்
13.12.2024

தமிழரசனுக்கு,

இங்கு இருவரும் இருக்கிறோம். பயிர் தப்பித்தது.

உன் கடிதத்துக்கு முன்பே உன் பேச்சு வந்துவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் கொடிப் படத்தோடும் கைகூப்பிய படத்தோடும் போட்டிருந்தார்கள்.

பெயர் சொல்லவில்லை என்கிறாய். நம் அப்பாவுக்கு எத்தனை பெண்கள், தம்பி?

அவருக்கு இன்னும் தெரியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். செய்தி வைத்துவிடுவாரோ என்று கேபிள் கெட்டுப்போனதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்மேல் மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். நீ பேசினாய். நான் அல்லவா எழுதிக் கொடுத்தேன்?

மங்களாம்பிகை


புது தில்லி
21.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வானதி உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. என்னை மன்னித்துவிடு. ஊரில் ஒருவரும் தில்லிப் பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தேர்தல் காலத்தில் எத்தனை கூட்டம் பேசினேன், அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலன் வந்திருக்கிறது. ஓர் அறக்கட்டளை மருத்துவ வண்டியும் மருத்துவர்களும் தர முன்வந்திருக்கிறது. மருந்து அரசு தரும். பிப்ரவரி முதல் மாதம் ஒருமுறை குத்தாலத்துக்கே வரும். கல்யாண மண்டபத்துத் திடலில் நிறுத்த இடம் பார்த்தாயிற்று. அதில் மனநல மருத்துவரும் இருப்பார். இரண்டு பஸ் மாற வேண்டாம். அந்த மூன்று நிமிடம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

அத்தானே ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். நீ பக்குவமாகச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார்.

தமிழரசன்


புது தில்லி
8.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. இருவரும் சுகம்தானா என்று ஒரு வரி எழுது. ரிப்பன் வெட்டுவது பற்றி நான் எழுதியதை மறந்துவிடு.

பொங்கல் வாழ்த்துகள்.

தமிழரசன்


குத்தாலம்
19.1.2025

அன்புள்ள தமிழரசனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பொங்கல் வைத்தோம். கரும்பு கடிக்க இருவருக்கும் பல் இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பேனாவை எடுத்தாலே பயமாக இருந்தது.

வகுப்பில் ஒரு பையன் முதுகில் சாக்பீஸால் ஏதோ எழுதிவிடுவார்கள். அவன் அது தெரியாமல் பலகைக்குப் போவான், தண்ணீர் குடிக்கப் போவான், என்னிடம் வந்து கணக்குக் காட்டுவான். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். நான் டீச்சராக இருந்தபோது அவனைக் கூப்பிட்டு முதுகைத் துடைத்துவிட்டிருக்கிறேன். இப்போது உன் அத்தான் அப்படி நடமாடுகிறார். எழுதியது நான். துடைக்கத்தான் தெரியவில்லை.

கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. டீக்கடையில், ‘சார், இப்புடி உள்பக்கமா உக்காருங்க, ரோட்டுல ஹாரன் அடிக்கிறானுவோ’ என்று இடம் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஓடப் பழக வந்த பிள்ளைகளில் இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவனுடைய அப்பா என்னைக் கடைத்தெருவில் பார்த்து, ‘சார் மேல ஒண்ணும் இல்ல டீச்சர். வெளியூர்ல ஒரு அகாடமி இருக்கு, அங்க ஏசியெல்லாம் போட்டிருக்கான்’ என்றார். ஓடுவதற்கு ஏசி எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை.

எதிர்வீட்டு வள்ளியம்மை வந்தாள். ‘இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? நாங்க என்ன அந்நியமா? எங்க வூட்டுப் புள்ளைவோ வாசல்ல சரஞ்சரமா கொளுத்திப் போட்டுச்சுவோ, அவரு உள்ள என்னா பாடு பட்டாரோ’ என்று அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். உன் அத்தான் கொல்லையிலிருந்து வந்து, ‘என்னவாம் அதுக்கு, அழுதுகிட்டுப் போவுது?’ என்று கேட்டார். பல்வலி என்றேன்.

மார்கழியில் நாகம்மாள் பாட்டி போய்ச் சேர்ந்தாள். பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு. அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் வேட்டு ஓயாது. சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் பெட்டி பெட்டியாக வாங்கியிருந்தான். அவரை உள்ளே அழைத்துப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். ‘பக்கத்துத் தெரு சாவு, வாசல்ல நிக்காம இருந்தா மரியாத இல்ல’ என்று உதறிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தோள் துண்டை இடுப்பில் கட்டி நின்றார்.

பாடை எங்கள் தெரு முனைக்கு வந்தது. வேட்டு நின்றது. மேளமும் நின்றது. அத்தனை கூட்டமும் கோயிலுக்குள் போகிற மாதிரி சத்தமில்லாமல் எங்கள் வாசலைக் கடந்து போயிற்று. போகிறவர்கள் பாடையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். ஒருவன் கும்பிட்டான். மறுமுனை திரும்பியதும் பழையபடி புகை எழும்பியது. அவருக்குக் காதுதானே இல்லை? கண் இருக்கிறது.

‘ஏன் மங்களம், நம்ம தெருவுல மட்டும் வேட்டுப் போடல?’

‘மருந்து நமுத்துப் போச்சாம்’ என்றேன்.

அவர் மறுமுனைப் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து, தெருவில் யார் வாய் அசைந்தாலும் நின்று அந்த வாயையே பார்க்கிறார்.

நான் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவது என்று எழுந்திருக்கிறேன்.

வண்டி வரட்டும். அது நல்லதுதான். ஆனால் அவரை எந்த மேடைக்கும் கூப்பிடாதே.

மங்களாம்பிகை


சென்னை
11.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். உன்னைப் பார்க்காமலே ஊர்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். என் காரைப் பார்த்தால் கூட்டம் கூடும், அத்தான் எதிரே வந்தால் என்ன முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. குத்தாலத்தில் வண்டியைத் தொடங்கிவைத்து, மதியம்வரை திடலிலேயே இருந்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

படைவீரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், மாத்திரை வாங்கினார்கள். மனநல மருத்துவர் நிலோஃபர் என்று ஒரு சின்னப் பெண். மதியம்வரை அவர் முன்னால் இருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அத்தானின் ரெஜிமெண்டில் இருந்த சைபுல்லா திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருந்தார். மகள் ரிஃப்காவின் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் கொடுத்தார். ‘டாக்டரம்மா சும்மா உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்த பேசிட்டுப் போறதுதானே?’ என்று கேட்டேன்.

‘நமக்கெதுக்கு சார்? இன்னைக்கு நான் அங்க உக்காந்தா, நாளைக்கு நீங்க என்னையும் டெல்லியில எழுந்து நின்னு பேசிப்புடுவீங்க’ என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்ய முடியும், பக்கத்தில் போட்டோகிராபர் நின்றுகொண்டிருந்தான். யாருக்காகப் பேசினேனோ அவர்களை நானே விரட்டிவிட்டேன், அக்கா.

தமிழரசன்


குத்தாலம்
24.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

அறுவடை முடிந்தது. உடம்பு நடக்கிறது. முழங்காலைப் பற்றி எழுத இப்போது மனமில்லை.

சைபுல்லா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பழைய பட்டாளத்து ஆள் ஒருவர், ‘பஞ்சநதம், உன் மச்சினன் உன்னைப் பத்திப் பேசினதைப் பாத்தியா?’ என்று நல்ல எண்ணத்தில்தான் போனை நீட்டினாராம். காது கேட்காதவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று நீ வீடியோவின் கீழே எழுத்துப் போட்டிருக்கிறாயே, அதனால் ஒரு வார்த்தை விடாமல் படித்தாராம். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனாராம். சைபுல்லாவின் மனைவி சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலில் உட்கார்ந்தார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்த திருகு வராமல் கதவுச் சட்டத்தையே பெயர்த்தார். நான் முன்னால் போய் நின்று, என்னங்க பண்றீங்க என்று கேட்டேன்.

‘இனிமே வெளியில என்னத்துக்குத் தாழ்ப்பா? ஊரே உள்ள வந்து பாத்துட்டுப் போயிடுச்சே.’

‘நான்தாங்க தம்பிக்கு எழுதுனேன்’ என்றேன். என் உதடு ஆடியதில் அவருக்குப் புரிந்திருக்காதோ என்று இன்னொருமுறையும் சொன்னேன்.

‘தெரியும். அந்த ரூம்ல இருந்தது நாம ரெண்டு பேருதான?’ என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. திட்டவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவர் பார்த்தால்தானே நான் பேச முடியும்? மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவர் என் வாயைப் பார்க்க வேண்டும்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியே புரியவைத்தவள் நான். ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொள் என்போம், நறுக்கிக் காட்டுவோம், புரிந்ததா என்போம். நறுக்குவதற்கு முன்னால் ஒருநாளும் மாம்பழத்தைக் கேட்டதில்லை. மனிதரையும் அப்படியே எடுத்துவிட்டேன்.

நீ இப்போது எதுவும் எழுதாதே. வரவும் வராதே.

மங்களாம்பிகை


குத்தாலம்
12.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பஞ்சநதம் எழுதுவது. நான் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வீக்கம் இருக்கிறது, உனக்கு எழுதியிருக்கமாட்டாள். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பட்டாளத்தில் இருந்தபோதும் உன் அக்காதான் பக்கம் பக்கமாக எழுதுவாள், நான் கார்டில் நாலு வரி போடுவேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

உன் பேச்சில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் உன்னைத் தேடிவந்து சட்டையைப் பிடித்திருப்பேன். எல்லாம் உண்மையாக இருந்ததால் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். நீ கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்று தெரியும். தெரிந்ததால் ஆறிவிடவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக்குப் போகவேண்டாம் என்று இருந்தேன். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் மிச்சமிருந்த பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். போனேன்.

சைபுல்லா உன்னை மடக்கிய கதையை என்னிடமும் பெருமையாகச் சொன்னான். கேட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். அவனுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. என்ன என்று உனக்கு எழுதமாட்டேன். என்னுடையதைவிடச் சின்னதில்லை. நான் பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் டாக்டரிடம் போகவில்லை என்றால், அந்தப் பழி எனக்கு வேண்டாம். அடுத்தமுறை வண்டி வரும்போது அவனை வரச்சொன்னேன். ‘நான் மொதல்ல உக்கார்றேன், நீ என் பின்னாடி வா’ என்றேன். சரி என்றான்.

சனிக்கிழமை வண்டி வந்தது. உள்ளே வரிசை நிற்கிறது. அந்த டாக்டர் பெண்ணுக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு துணித் திரை, அவ்வளவுதான். நான் போய் உட்கார்ந்தேன். அது வாயை மூடி மூடிப் பேசுகிறது. ‘வாயத் தொறந்து சத்தமா கேளும்மா’ என்றேன். பாவம், அதுவும் எழுந்து நின்று கத்தியது.

‘ராத்திரி தூக்கம் வருதுங்களா ஐயா?’

திரைக்கு அந்தப் பக்கம் எவனோ, ‘வரலேன்னு சொல்லுங்கண்ணே, நல்ல மாத்திரையாத் தருவாங்க’ என்றானாம். வரிசையே சிரித்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அந்தப் பெண் முகம் சிவந்ததைப் பார்த்துத்தான் ஏதோ நடந்தது என்று தெரிந்துகொண்டேன். அடுத்த கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டியது. நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காதது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கத்துவேன். வாயை மூடிக்கொண்டேன். பதிலை எழுதலாம் என்று பேனாவை வாங்கினேன். எழுதிவைத்தது எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துவிட்டேன் அல்லவா? திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். வெளியே வந்தால் சைபுல்லா இல்லை. சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டானாம்.

வண்டியை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. வண்டி நல்ல வண்டி. மருந்து நல்ல மருந்து. அந்தப் பெண்ணும் கெட்டிக்காரப் பெண். அது உட்கார ஓர் அறை வேண்டும். சுவர் கனமாக இருக்க வேண்டும். கதவு வேண்டும், உள்ளேயிருந்து சாத்துகிற மாதிரி. இங்கே மட்டும் இல்லை, எங்களைப் போன்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற எல்லா இடத்திலும் வேண்டும். காது போனவர்களில் முக்கால்வாசிப் பேர் பீரங்கிப் படைக்காரர்கள்தான். எங்களிடம் ரகசியம் கேட்பது என்றால் கத்தித்தான் கேட்க வேண்டும்.

இதை நீ சபையில் கேள். என் கதையைச் சொல்லாமல், யார் கதையையும் சொல்லாமல் கேட்க முடிகிறதா என்று பார்.

உன் அக்காவிடம் கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவாள். நானே போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜி. பஞ்சநதம்


புது தில்லி
28.3.2025

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம்.

நேற்று கேட்டேன். படைவீரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும், பேச்சு வெளியே கேட்காத, உள்ளிருந்து சாத்தக்கூடிய கதவுடன் ஓர் அறை வேண்டும் என்று கேட்டேன். காது கேளாதவர்கள் அதிகம் என்பதால் இது கட்டாயம் தேவை என்று காரணமும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு போனது அரைப் பக்கம்கூட இல்லை. எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி மிச்சமிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். சபையில் பாதிப் பேர் இல்லை. இருந்தவர்களில் ஒருவரும் மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டவில்லை. என் பக்கத்தில் இருந்தவர், ‘என்ன, இவ்வளவுதானா?’ என்று கேட்டார்.

எழுத்துமூலம் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதில் வரும்வரை விடமாட்டேன். வராவிட்டால் அடுத்த கூட்டத்தொடரிலும் இதேபோல் கேட்பேன்.

பழைய வீடியோவை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். மற்றவர்கள் பகிர்ந்தவை கிடக்கின்றன. அவற்றை என்னால் எடுக்க முடியவில்லை, அத்தான்.

கல்யாண மண்டபத்துக்காரரிடம் பேசினேன். சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. வண்டி வருகிற அன்று அதை ஒழித்துத் தருவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டார். டாக்டருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அக்காவைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உங்கள்,
தமிழரசன்